சான்றிதழ்ச் சோதனையும் முடிவிலாக் கணக்கும்

வருவோர் காட்டும் சீட்டைப் படித்துப் பார்த்து, அதிலுள்ள முத்திரை மெய்யாயின் உள்ளே விடுவதும், பொய்யாயின் தடுத்து நிறுத்துவதும் வாயிற்காவலனின் கடமை. பொய்ச்சீட்டைக் கண்டு அவன் ஏமாந்துவிடுவானோ என்பதே பொதுவாக எவர்க்கும் எழும் அச்சம். ஆயின் வேறொரு கேடும் உண்டு. சீட்டிலே ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அதைப் போட்டு முடித்த பின்னரே முத்திரையைப் பார்க்க வேண்டும் என்பது காவலனுக்கு இடப்பட்ட முறை. அக்கணக்கோ ஒருநாளும் முடியாத கணக்கு. காவலன் ஏமாறவும் இல்லை. பொய்யனை உள்ளே விடவும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டே நிற்கிறான். அவன் முன்னே நேர்மையான மக்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது.

இது கற்பனைக் கதைபோல் தோன்றலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் உலகுக்கு அறிவிக்கப்பட்ட மென்பொருட் குறை ஒன்றின் உண்மை நிலை இதுவே. ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருள் நூலகத்தில் அக்குறை இருந்தது. கூகிள் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் டாவிஸ் ஆர்மண்டி அதனைக் கண்டறிந்தார். குறைகளைப் பதியும் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-0778 என்னும் எண்ணால் அது குறிக்கப்படுகிறது. கணினித் துறைக்கு அப்பாற்பட்டவர்களும் அறிந்து பயன்கொள்ளத்தக்க பாடம் ஒன்று அதில் அடங்கியிருக்கிறது. அது கணிதத்தைப் பற்றியது. அதனினும் மேலாக, சோதித்தல் என்னும் தொழிலைப் பற்றியது.

சான்றிதழ் என்பது யாது?

வங்கியின் இணையத்தளத்தை ஒருவர் திறக்கிறார் என்க. மறுமுனையில் இருப்பது அந்த வங்கியின் கணினிதானா, அன்றி வேறெவரோ விரித்த வலையா என்பதை அவருடைய கணினி எங்ஙனம் அறியும்? இதற்கென அமைந்ததே எண்முறைச் சான்றிதழ். அதில் உரியவரின் பெயர், செல்லுபடியாகும் காலம், உரியவரின் பொதுத் திறவுகோல், சான்றிதழ் வழங்கிய அமைப்பின் கையொப்பம் ஆகியவை இருக்கும். இச்சான்றிதழ்களின் அமைப்பை வகுக்கும் எக்ஸ்.509 என்னும் உலகத் தரம் 1988இல் வெளியாயிற்று.

பெரும்பாலும் சேவையகக் கணினியே சான்றிதழைக் காட்டும். வருபவரின் கணினி அதனைச் சோதிக்கும். சில இடங்களில் இம்முறை இருபுறமும் நிகழும். நிறுவனங்களின் உள்வலைகளிலும், இயந்திரமும் இயந்திரமும் பேசிக்கொள்ளும் அமைப்புகளிலும், வருபவரும் தம் சான்றிதழைக் காட்ட வேண்டும். சேவையகம் அதனைச் சோதிக்கும். இவ்விரு திசைச் சோதனைகளையும் செய்யும் மென்பொருள்களுள் மிகப் பரவலாக வழங்குவது ஓபன்எஸ்எஸ்எல். 1998இன் இறுதியில் தொடங்கிய இந்நூலகம், இணையச் சேவையகங்களிலும் எண்ணற்ற கருவிகளிலும் இடம்பெற்றுள்ளது. ஆதலின் இதில் நேரும் ஒரு சிறு பிழையும் சிறு பிழையாக நின்றுவிடாது.

புள்ளியைச் சுருக்கி எழுதுதல்

பொதுத் திறவுகோல் என்பது முடிவில் ஓர் எண்ணே. அதனை அமைக்கும் முறைகளுள் ஒன்று நீள்வட்ட வளைவரை முறை. 1985இல் நீல் காப்ளிட்ஸ், விக்டர் மில்லர் என்னும் இருவர் தனித்தனியே இதனை முன்மொழிந்தனர். இம்முறையில் திறவுகோல் ஒரு வளைவரையின் மேல் உள்ள புள்ளியாகும். புள்ளி என்றால் இரண்டு எண்கள் வேண்டும்: கிடைத்தூரம் ஒன்று, குத்துயரம் ஒன்று.

இங்கே வழங்கும் எண்கணிதம் சற்றே வேறானது. கடிகார முகத்தில் 9 மணிக்குப் பின் 5 மணி நேரம் கழிந்தால் 2 மணி ஆகிறது. 14 என எவரும் சொல்வதில்லை. 12ஆல் வகுத்து மீதியை மட்டும் கொள்கிறோம். அதுபோல இங்கும் ஒரு குறித்த எண்ணால் வகுத்து மீதியையே விடையாகக் கொள்வர். அவ்வெண் பகா எண்ணாக, அதாவது 1ஆலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணாக, இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்நிபந்தனையை நினைவில் இருத்துக. பின்னர் நிகழ்ந்த கேடு முழுவதும் இதனைச் சார்ந்ததே.

பாடப்புத்தகங்களில் காட்டப்படும் சிறு எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். பகா எண் 17. வளைவரையின் சமன்பாடு: குத்துயரத்தின் வர்க்கம், கிடைத்தூரத்தின் கனத்தோடு அதன் இரு மடங்கும் 2உம் சேர்ந்ததற்குச் சமம். கிடைத்தூரம் 7 ஆயின், கனம் 343. இரு மடங்கு 14. அவற்றோடு 2 சேர 359. அதனை 17ஆல் வகுத்தால் மீதி 2. எனவே எந்த எண்ணின் வர்க்கம் 2ஐ மீதியாகத் தரும் எனக் காண வேண்டும். 6இன் வர்க்கம் 36. அதில் 34 போக மீதி 2. 11இன் வர்க்கம் 121. அதில் 119 போக மீதி 2. ஆகக் குத்துயரம் 6 ஆகலாம், 11உம் ஆகலாம். ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை.

இதிலிருந்து ஒரு சிக்கனம் கிடைக்கிறது. புள்ளியை எழுதும்போது இரண்டு எண்களையும் எழுத வேண்டுவதில்லை. கிடைத்தூரத்தை எழுதி, குத்துயரம் ஒற்றையா இரட்டையா என்று ஓர் அடையாளம் இட்டால் போதும். பெறுபவர் வர்க்கமூலம் கண்டு குத்துயரத்தைத் தாமே அறிந்துகொள்வார். இதனைச் சுருக்க வடிவம் என்பர். இன்று பெருவழக்காக உள்ள 256 பிட் வளைவரையில், முழு வடிவம் 65 பைட் இடம் கொள்ளும். சுருக்க வடிவம் 33 பைட்டில் அடங்கும். இடம் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆனால் எழுதுவோன் மிச்சப்படுத்திய உழைப்பு படிப்போன் தலையில் விழுகிறது. சான்றிதழைப் படிக்கும் கணினி வர்க்கமூலக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

வர்க்கமூலம் காணும் வழி

17 போன்ற சிற்றெண்ணில் ஒவ்வொன்றாகச் சோதித்து வர்க்கமூலம் கண்டுவிடலாம். எழுபது, எண்பது இலக்கமுள்ள எண்களில் அது நடவாது. அதற்கு ஒரு முறையை 1891இல் இத்தாலியக் கணிதவியலார் அல்பெர்த்தோ தொனெல்லி வெளியிட்டார். அமெரிக்கக் கணிதவியலார் டேனியல் ஷாங்க்ஸ் 1970களின் தொடக்கத்தில் அதனைக் கணினிக்கு ஏற்ற வடிவில் அமைத்தார். இருவர் பெயராலும் அம்முறை இன்று வழங்குகிறது.

அதன் போக்கைச் சுருங்கக் கூறலாம். பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, எஞ்சியதை இயன்றமட்டும் இரண்டால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை முறை வகுபட்டதோ அதுவே தொடக்க எல்லை. 17இல் ஒன்று போக 16. அது நான்கு முறை வகுபடும். எனவே எல்லை 4. பின்னர், கொடுத்த எண்ணிலிருந்து ஒரு துணை எண் ஆக்கப்படும். துணை எண் 1 ஆயின் வேலை முடிந்தது. இன்றேல் அதனை வர்க்கமாக்கி மீதி கண்டு, வந்ததை மீண்டும் வர்க்கமாக்கி, எத்தனையாவது படியில் 1 வருகிறது என்று காண வேண்டும். 17ஐ வகுத்தியாகக் கொண்டு 2க்கு வர்க்கமூலம் தேடும்போது துணை எண்ணும் 2 ஆகும். 2இன் வர்க்கம் 4. 4இன் வர்க்கம் 16. 16இன் வர்க்கம் 256, மீதி 1. மூன்றாம் படியில் 1 வந்துவிட்டது. 3 என்பது எல்லையாகிய 4இனும் குறைவு. இனி 3 புதிய எல்லையாகும். துணை எண் ஒரு பெருக்கலால் திருத்தப்படும். அடுத்த சுற்று தொடங்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் எல்லை ஒன்றேனும் குறையும். குறைந்துகொண்டே வரும் எண்ணுக்கு முடிவு உண்டு. எல்லை 1ஐ அடையும்போது துணை எண்ணும் 1 ஆகியே தீரும். கொடுத்த எண்ணுக்கு வர்க்கமூலமே இல்லையாயின், 1 வருமுன் படி எண் எல்லையைத் தொட்டுவிடும். உடனே 'மூலம் இல்லை' என்று கூறிக் கணக்கை நிறுத்திவிடலாம். இவ்வுறுதிகள் யாவும் வகுக்கும் எண் பகா எண்ணாய் இருக்கும்வரைதான் செல்லும்.

விதியும் நிபந்தனையும் பிரியாதவை என்பது தமிழாசிரியர்க்குப் புதியதன்று. உயிர்முதற் சொல் வந்து புணரும்போது குற்றியலுகரம் கெடும் என்பது விதி. நாடு என்பதோடு என்று சேர, நாடென்று ஆகும். 'உகரம் கெடும்' என்பதை மட்டும் கற்றுக் 'குற்றியலுகரம்' என்னும் நிபந்தனையை மறந்த மாணவன், பசு என்பதோடு என்று சேர்த்துப் 'பசென்று' என எழுதிவிடுவான். பசுவென்று என வருதலே மரபு. விதி பிழையன்று, அது தனக்குரிய களத்திற்கு வெளியே ஏவப்பட்டதே பிழை.

697 என்னும் எண்

நிபந்தனை மீறப்பட்டால் நிகழ்வது யாது என்பதை ஒரு சிற்றெண்ணிலேயே காணலாம். 697 பார்வைக்குப் பகா எண் போல் தோன்றும். ஆனால் அது 17ஐயும் 41ஐயும் பெருக்கி வந்த பகு எண். அதனை வகுத்தியாகக் கொண்டு 696க்கு வர்க்கமூலம் கேட்டால் என்ன ஆகும்?

697இல் ஒன்று போக 696. அது 348, 174, 87 என மூன்று முறை இரண்டால் வகுபடும். ஆகவே எல்லை 3. துணை எண் 696. அதன் வர்க்கத்தை 697ஆல் வகுத்தால் மீதி 1. முதற்படியிலேயே 1 வந்துவிட்டமையால் புதிய எல்லை 1. திருத்தப்பட்ட துணை எண் 64. வகுத்தி பகா எண்ணாயிருந்தால் இந்நிலையில் துணை எண் 1 ஆகியிருக்க வேண்டும், அங்ஙனம் ஆகவில்லை. எனவே நிரல் 64ஐ வர்க்கமாக்குகிறது. 4096, மீதி 611. அதன் வர்க்கத்திற்கு மீதி 426. அடுத்து 256. அடுத்து 18. அடுத்து 324. அதன் வர்க்கத்திற்கு மீதி மீண்டும் 426. பிறகு 256, 18, 324, மறுபடியும் 426. செக்குமாடு சுற்றுவதுபோல் இந்நான்கு எண்களுமே சுற்றிச் சுற்றி வரும். 1 என்பது ஒருகாலும் வாராது. தாளும் எழுதுகோலும் கொண்டு எவரும் இதனைச் சரிபார்க்கலாம்.

'எல்லை இருந்ததே, அது நிறுத்தியிருக்க வேண்டாவோ?' என்னும் வினா எழும். குறையின் கரு அங்கேதான் இருந்தது. நிரல் முதலில் ஒருமுறை வர்க்கமாக்கி, அதைப் படி 1 எனக் கொண்டது. விடை 1 இல்லையாயின் படி எண்ணை ஒன்று கூட்டியது. கூட்டிய பின்னரே 'படி எண் எல்லைக்குச் சமமா?' என்று கேட்டது. எல்லை 2ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் இக்கேள்வி போதுமானது. எல்லை 1 ஆகிவிட்டாலோ, முதன்முதற் கேள்வியே '2உம் 1உம் சமமா?' என்றாகிறது. பின்னர் 3உம் 1உம், 4உம் 1உம். படி எண் ஏறிக்கொண்டே போகும். சமம் என்னும் விடை வாராது. எல்லையைத் தொட்டாயிற்றா என்று நிரல் கேட்டதேயன்றி, எல்லையைத் தாண்டியாயிற்றா என்று கேட்கவில்லை.

பகா எண்ணில் இவ்வேறுபாட்டால் தீங்கு எதுவும் இல்லை. எல்லை 1 ஆகும்போதே துணை எண்ணும் 1 ஆகிவிடுவதால், அந்தக் கேள்விக்கே இடம் இராது. ஒழுங்கான சான்றிதழ்கள் வந்துகொண்டிருந்தவரை பிழை வெளிப்படாமற் கிடந்ததற்குக் காரணம் இதுவே.

முத்திரைக்கு முன்னரே

பகா எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் யார்? வழக்கமான சான்றிதழ்களில் வளைவரையின் பெயர் மட்டுமே இருக்கும். அதற்குரிய பகா எண் முன்னரே அனைவருக்கும் தெரிந்தது. ஆயின் பெயரைக் கூறாமல், வகுத்தி, சமன்பாடு, தொடக்கப் புள்ளி ஆகிய அனைத்தையும் சான்றிதழிலேயே விரித்து எழுதவும் பழைய தரங்களில் இடம் இருந்தது. இணையச் சான்றிதழ்களில் இவ்வாறு விரித்து எழுதலாகாது என 2009இல் வெளியான ஆர்எப்சி 5480 என்னும் இணைய ஆவணம் விதித்தது. விதித்த பின்னும் மென்பொருள் அவ்வடிவத்தை ஏற்றுப் படித்துவந்தது. தாக்குவோன் தன் சான்றிதழில் வகுத்தியாக ஒரு பகு எண்ணையும், சுருக்க வடிவில் ஒரு புள்ளியையும் எழுதிவிட்டாற் போதும். அவ்வெண் பகா எண்தானா என்று சோதியாமலே நிரல் வர்க்கமூலக் கணக்கில் இறங்கிவிடும்.

விரித்தெழுதிய அளவுகளை நம்பியதால் நேர்ந்த கேடு இது முதலாவதன்று. 2020 சனவரியில், மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் இயங்குதளத்தில் இவ்வகை அளவுகளை முழுமையாக ஒப்பிட்டுப் பாராமையால் பொய்ச் சான்றிதழ் மெய்போல் ஏற்கப்படும் குறை ஒன்று வெளிப்பட்டது. அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு முகமை அதனைத் தெரிவித்திருந்தது. அங்கே காவலன் ஏமாந்தான். இங்கே காவலன் முடங்கினான்.

ஓபன்எஸ்எஸ்எல் குறையில் மிகவும் கருதத்தக்கது நிகழ்ச்சிகளின் வரிசைமுறை. கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டுமாயின், முதலில் சான்றிதழைப் படித்துப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். நிரல் சிக்கிக்கொள்வதோ அப்படிப்பிலேயே. எனவே தாக்குவோனுக்கு எந்த அமைப்பின் கையொப்பமும் தேவையில்லை. திருடிய திறவுகோலும் தேவையில்லை. தானே எழுதித் தானே ஒப்பமிட்ட தாள் ஒன்று போதும். அதன் கையொப்பம் பொய்யென்று கண்டறியும் கட்டத்திற்கு நிரல் சென்று சேர்வதே இல்லை. 1.0.2 வரிசைப் பழம்பதிப்புகளில் திறவுகோலைப் பிரித்துப் படிப்பது சற்றுப் பின்னர் நிகழ்ந்ததால் தாக்குவது சிறிது கடினமாயிருந்தது. ஆயினும் அவையும் தப்பவில்லை.

இவ்வகைக் கேட்டைச் சேவை மறுப்பு என்பர். பல்லாயிரம் கணினிகளை ஏவி வெள்ளம்போல் வேண்டுகோள்களைப் பாய்ச்சிச் சேவையகத்தைத் திணறடிப்பது ஒருவகை. இங்கே வெள்ளம் வேண்டா. ஒரு சிறு கோப்பு வந்தால் ஒரு செயலி முழு வேகத்தில் வீணே சுழலத் தொடங்கும். சில கோப்புகள் வந்தால் வேலை செய்யும் கைகள் அனைத்தும் கட்டுண்டு போகும். களவு எதுவும் போகாது. இரகசியம் எதுவும் வெளியாகாது. ஆனால் பணம் அனுப்ப வந்தவரும், மருத்துவக் குறிப்பைத் தேடி வந்தவரும் மறுமொழியின்றி நிற்பர். உள்ளே இருப்பது பத்திரமாக இருந்தும் உரியவர்க்குக் கிட்டாது போனால், அப்பாதுகாப்பால் பயன் என்ன?

எவரெவர் இதற்கு உட்பட்டனர் என்பதையும் அறிவிப்பு தெளிவாகக் கூறிற்று. வருபவரிடம் சான்றிதழ் கேட்கும் சேவையகங்கள் உட்பட்டன. தீய சேவையகத்தை நாடிச் சென்ற பயனரின் மென்பொருள்கள் உட்பட்டன. வாடிக்கையாளரிடமிருந்து சான்றிதழும் திறவுகோலும் பெற்றுக்கொள்ளும் தள வழங்குநர்கள் உட்பட்டனர். விண்ணப்பங்களைப் படித்துச் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளே உட்பட்டன. வருபவரிடம் சான்றிதழ் கேட்காத சாதாரண இணையத்தளங்களை இவ்வழியில் வருவோர் தாக்க இயலாது. அதாவது, கூடுதலான எச்சரிக்கையோடு இருபுறமும் சோதனை வைத்திருந்த சேவையகமே இங்கு வாயில் திறந்து நின்றது.

திருத்தம்

ஆர்மண்டி 2022 பிப்ரவரி 24ஆம் நாள் இக்குறையை ஓபன்எஸ்எஸ்எல் குழுவினருக்குத் தெரிவித்தார். கூகிளைச் சேர்ந்த டேவிட் பெஞ்சமினும், ஓபன்எஸ்எஸ்எல் குழுவின் தோமாஷ் மராஸும் திருத்தத்தை உருவாக்கினர். மார்ச் 15ஆம் நாள் 3.0.2, 1.1.1என் ஆகிய பதிப்புகள் வெளிவந்தன, 1.0.2 பதிப்புக்குத் தனிக்கட்டண ஆதரவு பெற்றிருந்தோர்க்கும் திருத்தம் வழங்கப்பட்டது. 2014இல் ஓபன்எஸ்எஸ்எல்லிலிருந்து கிளைத்த லிப்ரெஎஸ்எஸ்எல் என்னும் நூலகமும் அதே நிரற்பகுதியை மரபாகப் பெற்றிருந்தமையால் அதே காலத்தில் திருத்தப்பட்டது. தாயின் பிழை சேய்க்கும் வந்திருந்தது.

திருத்தமோ மிகச் சிறிது. படி எண் எல்லையினும் குறைவாக இருக்கும்வரை மட்டுமே சுழற்சி நடக்கும். அதற்குள் 1 வாராவிடில் 'மூலம் இல்லை' என்று கூறி நிரல் வெளியேறும். வகுத்தி பகா எண்ணோ பகு எண்ணோ, எதுவாயினும் கணக்கு நின்றே தீரும். எல்லை 1 ஆனதும் 64ஐக் கண்ட நிரல் அங்கேயே பிழை கூறி நின்றுவிடும். 426ஐ ஒருமுறையும் காணாது.

இதனால் அறிவது

தொனெல்லியின் கணிதத்தில் பிழை இல்லை. ஷாங்க்ஸ் வகுத்த வடிவிலும் பிழை இல்லை. 'பகா எண்ணாயின்' என்று தொடங்கும் ஒரு வாய்மையை எடுத்துக்கொண்டு, அத்தொடக்கச் சொல் மெய்தானா என்னும் பொறுப்பைப் பகைவன் கையில் விட்டதே பிழை. அறிவோர் தமக்குள் பேசிக்கொள்ளும்போது நிபந்தனை சொல்லாமலே விளங்கும். ஊர் பேர் அறியாதவன் நீட்டும் தாளில் அது விளங்காது.

சோதித்த பின்னரே நம்ப வேண்டும் என்பது யாவரும் அறிந்த அறம். சோதிப்பதும் ஒருவகை நம்பிக்கையே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. தாளைக் கையில் வாங்கி, அது சொல்லும் அளவுகளைக் கொண்டு கணக்குப் போடத் தொடங்கிய கணமே, சோதிப்பவன் தன் நேரத்தையும் உழைப்பையும் அத்தாளை எழுதியவனிடம் ஒப்படைத்துவிடுகிறான். ஆதலின் சோதனைக்கும் ஓர் அளவு வேண்டும். அவ்வளவைத் தாளை எழுதியவன் இடலாகாது, சோதிப்பவனே இட வேண்டும். இத்துணைப் படி வரையில் பார்ப்பேன், அதற்குமேல் இல்லை என்று முன்கூட்டியே வரைந்துகொண்ட காவலனை எந்தக் கணக்காலும் வாயிலில் கட்டிப்போட முடியாது.